குதிரைமலைக் கோட்டானும் சின்னக் கோட்டானும்

நாள்தோறும் பண்ணைத் தாம்போதி வழியே பள்ளிக்கூடம் சென்றுவரும் மாணவி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். ஆவணி மாதம் பிறந்ததும் கடனீரேரியின் சேற்றுத் திடல்களில் நீண்டு வளைந்த சொண்டுடைய பெரிய பறவைகள் வந்து இறங்குகின்றனவாம். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, அதே மண்ணிறமும் அதே வளைந்த சொண்டும் கொண்ட சிறிய பறவைகளும் மேய்கின்றனவாம். “தாயும் பிள்ளையும்” என்கிறார் பாட்டனார். “இல்லை, இரண்டும் வேறு வேறு இனம்” என்கிறார் ஆசிரியர். இவர்களுள் யார் கூற்றுச் சரியானது என்பதே அம்மாணவியின் வினா.

ஆசிரியர் கூற்றே சரியானது. ஆயினும் பாட்டனாரின் கண்ணும் பழுதுடையதன்று. இவ்விரு பறவைகளும் நெருங்கிய உறவினர். பறவைகளைப் பல்லாண்டு பயின்றோரையும் தொலைவில் நின்று மயக்கக்கூடியவை. பெரியது குதிரைமலைக் கோட்டான். சிறியது சின்னக் கோட்டான். இவற்றை இனம் பிரித்தறிவது வெறும் பொழுதுபோக்கு என எண்ணுவோர் உளர். அஃது எத்துணைப் பெரிய காரியம் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

முதலிற் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கோட்டான் என்றதும் நம்மிற் பலருக்கு இரவில் அலறும் பெரிய ஆந்தையே நினைவுக்கு வரும். அதற்கும் இப்பறவைகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் மட்டுமே பொது. வில்பத்து வனத்தின் மேற்கு ஓரத்தில், கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை முனையை அறிந்தவர்களுக்கு, அம்முனையின் பெயரைத் தாங்கிய பறவை என்று சொன்னால் எளிதில் மனத்திற் பதியும். அறிவியலார் இவ்விரண்டையும் ‘நுமேனியஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்குவர். கிரேக்க மொழியில் அது புதுப்பிறையைக் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தது. இப்பறவையின் சொண்டைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை உடனே ஒப்புக்கொள்வர்.

இனங் காணும் முறை

பறவையை இனங் காண முயலும் மாணவர் பெரும்பாலும் முதலில் அதன் பருமனையே நோக்குவர். பருமன் உதவும், ஆனால் அதனை மட்டும் நம்பலாகாது. குதிரைமலைக் கோட்டான் 50 முதல் 60 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. சின்னக் கோட்டான் 40 முதல் 46 சென்ரிமீற்றர் வரையே. அதாவது நம் வீட்டுக் காகத்திலும் சற்றுப் பெரியது. இரண்டும் அருகருகே நின்றால் வேற்றுமை விளங்கும். வெட்டவெளியில் ஒன்று தனித்து நின்றாலோ அதன் பருமனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

ஆகவே தலையைப் பாருங்கள். இதுவே முதல் அடையாளம். சின்னக் கோட்டானின் உச்சந்தலையில் கரும்பழுப்பு நிறப் பட்டைகள் இரண்டு ஓடும். அவற்றின் நடுவே, வகிடு எடுத்தாற்போல வெளிறிய கோடு ஒன்று செல்லும். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவமும், கண்ணை ஊடறுத்துக் கரிய கோடும் உண்டு. குதிரைமலைக் கோட்டானின் தலையிலோ இத்தகைய ஒப்பனை யாதும் இல்லை. நெற்றி முதல் பிடரி வரை மெல்லிய கீற்றுகள் விரவிய ஒரே மண்ணிறம்.

இரண்டாவது அடையாளம் சொண்டு. குதிரைமலைக் கோட்டானின் சொண்டு மிக நீண்டது. பெண் பறவைகள் சிலவற்றில் 15 சென்ரிமீற்றரையும் தாண்டும். அது அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வில்போல வளைந்து செல்லும். சின்னக் கோட்டானின் சொண்டு 7 முதல் 9 சென்ரிமீற்றர் அளவினது. அது முதலில் ஏறக்குறைய நேராகச் சென்று, நுனிப்பகுதியில் திடீரெனக் கீழே மடிந்தாற்போலத் தோன்றும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. குதிரைமலைக் கோட்டான்களுள் ஆணின் சொண்டு பெண்ணினதைவிடக் குறுகியது. அவ்வாண்டு பிறந்த இளம்பறவை நம் கரைக்கு முதன்முறை வந்து சேரும்போது அதன் சொண்டு இன்னும் முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. அத்தகைய இளம்பறவையைச் சின்னக் கோட்டான் எனக் கருதி ஏமாறுவது எளிது. அவ்வேளையிலும் தலை பொய் சொல்லாது: உச்சியில் வகிடு இருந்தால் சின்னக் கோட்டான், இல்லையேல் மற்றையது.

மூன்றாவது அடையாளம் குரல். குதிரைமலைக் கோட்டான் ‘கூர்-லீ, கூர்-லீ’ என்று இரண்டாம் அசையை உயர்த்திக் கூவும். மாலை வேளையில் நீர்ப்பரப்பின் மீது மிதந்துவரும் அவ்வொலியில் ஒரு சோகம் கலந்திருப்பதாகவே கேட்போர் சொல்வர். சின்னக் கோட்டானின் குரலோ ஒரே சுருதியில், விரைவாக, சீழ்க்கை அடிப்பதுபோல் ‘தி-தி-தி-தி-தி-தி-தி’ என ஏறக்குறைய ஏழுமுறை ஒலிக்கும். இரவில் தலைக்கு மேல் பறந்து செல்லும் இவ்வேழு சீழ்க்கைகளைக் கேட்ட இங்கிலாந்து நாட்டுப்புற மக்கள் ஒருகாலத்தில் அதனை அபசகுனமென அஞ்சினர். நமக்கு அது நல்ல சகுனமே. பறவையைக் காணாமலே அதன் பெயரைச் சொல்ல உதவுகிறதன்றோ!

வளைந்த சொண்டுடைய வேறு பறவைகளும் நம் நீர்நிலைகளில் உள. வெண்ணிற உடலும் கரிய மொட்டைத் தலையும் உடையது அரிவாள் மூக்கன்; அதன் உறவினமான இன்னொன்று உடல் முழுதும் மினுமினுக்கும் கருஞ்செந்நிறமானது. இவற்றின் நிறமே இவற்றைக் காட்டிக்கொடுக்கும். கோட்டான்களின் உடல் காய்ந்த புல்லின் நிறத்தது. மார்பில் கீற்றுகள் நிறைந்தது. மூக்கன் எனப்படும் மற்றொரு வரவுப் பறவையும் நீண்ட சொண்டுடையதே. ஆயின் அச்சொண்டு நேராகவோ சற்று மேல்நோக்கியோ இருக்குமேயன்றிக் கீழ்நோக்கி வளையாது.

சேற்றினுள் ஒரு கை

இத்துணை நீண்ட சொண்டு எதற்கு? சேற்றின் ஆழத்தே வாழும் புழுவையும் மட்டியையும் நண்டையும் எடுப்பதற்கே. கண்ணால் காண இயலாத இரையைப் பறவை சொண்டால் தொட்டே அறிகிறது. அதன் நுனியில் நுண்ணிய குழிகள் பல உள்ளன. அவற்றுள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் பொதிந்துள்ளன. இதிலும் வியப்பானது வேறொன்று உண்டு. சேற்றுக்குள் சொண்டு முழுவதும் புதைந்திருக்கும்போது வாயை அகலத் திறப்பது எங்ஙனம்? இப்பறவை மேற்சொண்டின் நுனியை மட்டும் தனியே மேலுயர்த்த வல்லது. நாம் இரண்டு விரல்களால் ஊசியைப் பற்றுவதுபோல, அது சேற்றின் அடியிலேயே புழுவைப் பற்றி இழுத்து விடுகிறது.

சின்னக் கோட்டானுக்கு நண்டின் மீது விருப்பம் அதிகம். நண்டு வளைகள் நேராக இறங்குவதில்லை, வளைந்தே செல்லும். வளைந்த சொண்டு அவ்வளையின் போக்கிலே புகுந்து செல்கிறது. பிடித்த நண்டை உதறிக் காலையும் கவட்டையும் உதிர்த்தபின் விழுங்கிவிடும். செரிக்காத ஓட்டுத் துண்டுகளைப் பின்னர் உருண்டையாகக் கக்கும். கரையோரத்தில் அவ்வுருண்டைகளைக் கண்டெடுக்கும் மாணவர் அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பறவை என்ன உண்டது என்பதைத் தாமே அறிந்துகொள்ளலாம்.

ஒரே திடலில் பலவகைக் கரைப்பறவைகள் சண்டையின்றி மேய்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. குறுஞ்சொண்டுடைய உப்புக்கொத்தி மேற்பரப்பிற் கிடைப்பதைப் பொறுக்குகிறது. நடுத்தரச் சொண்டுடைய உள்ளான் சற்றுக் கீழே தேடுகிறது. கோட்டான் எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள இரையை எடுக்கிறது. ஒரே வயலில் வெவ்வேறு ஆழத்துக்கு உழும் கலப்பைகள் போன்றவை இச்சொண்டுகள்.

ஐரோப்பியக் கரைகளில் வற்றுப்பெருக்குப் பல மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே பறவைகளின் நாட்கணக்கே அதனைத் தழுவியது. நம் நாட்டுக் கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாத சிறியது. எனவே இங்கே கடனீரேரிகளின் நீர்மட்டத்தை மழையும் காற்றும் வெயிலுமே பெரிதும் ஆள்கின்றன. நேற்று மேய்ந்த திடல் இன்று நீருக்கடியில் இருக்கலாம். நேற்று ஆழமாயிருந்த இடம் அடுத்த வாரம் நல்ல மேய்ச்சற் சேறாகலாம். பறவைக்கு ஒரு திடல் மட்டும் இருந்தாற் போதாது. ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குச் செல்லத்தக்க பல திடல்கள் வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

பிறந்தகமும் பயணமும்

இப்போது பாட்டனாரின் ஐயத்துக்கு முழுவிடை கூறலாம். இவ்விரு பறவைகளுள் எதுவும் நம் நாட்டிற் கூடு கட்டுவதில்லை. குதிரைமலைக் கோட்டான் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்துள்ள புல்வெளிகளிலும் சதுப்பு நிலங்களிலும் குஞ்சு பொரிக்கிறது. சின்னக் கோட்டான் அதற்கும் வடக்கே, ஐஸ்லாந்து முதல் வட ரஷ்யா வரையுள்ள குளிர்நிலங்களைத் தன் பிறந்தகமாகக் கொண்டது. நிலத்திற் சிறு பள்ளம் பறித்துப் பெரும்பாலும் 4 முட்டைகள் இடும். ஏறக்குறைய நான்கு வாரங்களிற் குஞ்சு வெளிவரும். அக்குஞ்சின் சொண்டு குறுகியது, நேரானது! பொரித்த மறுநாளே அது தானாக நடந்து இரை தேடத் தொடங்கிவிடும். ஆகவே நம் திடலில் வளைந்த சொண்டுடன் நிற்கும் சிறிய பறவை, பெரியதன் குஞ்சாக இருக்க வழியே இல்லை.

இப்பறவைகளின் குடும்ப முறையும் நம் எதிர்பார்ப்புக்கு மாறானது. குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்னரே குதிரைமலைக் கோட்டானின் தாய் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். எஞ்சிய வளர்ப்பைத் தந்தையே கவனிக்கும். பின்னர் தந்தையும் சென்றுவிட, இளம்பறவைகள் வழிகாட்டி எவருமின்றித் தாமே பல்லாயிரம் கிலோமீற்றர் பயணம் செய்கின்றன. முன்பின் காணாத நாட்டின் திசையை அவை பிறவியிலேயே கொண்டு வருகின்றன.

இக்கூட்டத்துப் பறவைகளின் பறக்கும் ஆற்றலைச் செய்மதி மூலம் அறியும் வசதி இன்று வந்துள்ளது. ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட சின்னக் கோட்டான்கள் எங்கும் இறங்காது ஐந்து நாட்களில் மேற்கு ஆபிரிக்காவை அடைந்தமை பதிவாகியுள்ளது. 2022ஆம் ஆண்டில், இவற்றின் உறவினமான பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதமேயான நிலையில், அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா வரை 11 நாட்களில் 13,560 கிலோமீற்றரை இடைவிடாது பறந்து கடந்தது. நீந்தும் பறவைகளைப் போல் இவை கடல்மீது அமர்ந்து இளைப்பாற இயலாதவை. புறப்படுமுன் உடலிற் சேர்த்த கொழுப்பே வழியுணவு.

வரவுப் பறவைகளுக்கு இலங்கை வெறும் தங்குமடமன்று. பலவற்றுக்கு அதுவே பாதையின் முடிவிடம். நம் தென்கரைக்கு அப்பால் அந்தாட்டிக்கா வரை நேர் தெற்கே நிலமே இல்லை. எனவேதான் ஆவணி முதல் சித்திரை வரை மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், அம்பாந்தோட்டைக் கரைகள் இவற்றால் நிரம்புகின்றன. இளம்பறவைகள் சில முதலாண்டில் வடக்கே திரும்பாது இங்கேயே தங்கிவிடும். ஆனி மாதத்தில் ஒரு கோட்டானைக் கண்டால், அது வழி தவறியது என எண்ண வேண்டியதில்லை. குதிரைமலைக் கோட்டான் நெடுங்காலம் வாழ்வது; வளையமிடப்பட்ட பறவையொன்று 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தமை பிரித்தானியாவிற் பதிவாகியுள்ளது. மேலும், மேய்ந்து பழகிய திடலுக்கே ஆண்டுதோறும் மீள்வது இவற்றின் இயல்பு.

பெயர் தெரியாமற் போன உறவினன்

இனி, தொடக்கத்திற் கூறிய பெரிய காரியத்துக்கு வருவோம். இவ்விரு கோட்டான்களுக்கும் மூன்றாவது உறவினன் ஒருவன் இருந்தான். மென்சொண்டுக் கோட்டான் என அவனை அழைக்கலாம். பருமனிற் சின்னக் கோட்டானை ஒத்தவன். தோற்றத்திற் பெரியவனை ஒத்தவன். சொண்டின் நுனி மிக மெல்லியது. வயிற்றின் இருபுறமும் வட்ட வட்டமான கரும்புள்ளிகள் இருந்தன. சைபீரியாவிற் பிறந்து, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிற் குளிர்காலத்தைக் கழித்த இனம் அது. நம் நாட்டுக்கு வந்ததன்று.

அது பெரும்பாலும் ஏனைய கோட்டான் கூட்டங்களோடு கலந்தே மேய்ந்தது. ஆயிரம் பறவைகளின் நடுவே பத்து வேறாக இருந்தால் யார் கவனிப்பார்? வேட்டையாடியவர்கள் எல்லாவற்றையும் ஒன்றென்றே சுட்டனர். எண்ணியவர்களும் பல வேளைகளில் ஒன்றென்றே எண்ணினர். 1920களின் நடுப்பகுதிக்குப் பின் அதன் கூட்டைக் கண்டதாக உறுதியான சான்று இல்லை. அது அருகி வருகிறது என்பதை உலகம் உணர்ந்தபோது, காப்பதற்கு மிகச் சிலவே எஞ்சியிருந்தன. 1995ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொரோக்கோ நாட்டின் மெர்ஜா செர்கா என்னும் கடனீரேரியில் ஒரு பறவை படம் பிடிக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமற்ற இறுதிக் காட்சி அதுவே. பின்னர் பல நாடுகளில் பல்லாண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபரில், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதனை முற்றாக அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்கக் கண்டத்தின் எஸ்கிமோக் கோட்டானின் கதையும் இத்தகையதே. ஒருகாலத்தில் வானை மறைக்கும் கூட்டங்களாய்ப் பறந்த அவ்வினத்தின் உறுதிப்படுத்தப்பட்ட கடைசிப் பறவை, 1963ஆம் ஆண்டு பார்படோஸ் தீவிற் சுட்டு வீழ்த்தப்பட்டது.

குதிரைமலைக் கோட்டானும் இன்று கவலைக்கு அப்பாற்பட்டதன்று. அழிவை அண்மிக்கும் இனங்களின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கு கூடு கட்டும் பறவைகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துவிட்டன. அந்நாட்டுப் புல்வெளி அழிவதை நாம் தடுக்க முடியாது. ஆயின் நம்மிடம் அவை கழிக்கும் மாதங்கள் நம் பொறுப்பு. புத்தளத்தில் 1980களிலும் 1990களிலும் கண்டற் காடுகளும் உவர்ச் சேற்று நிலங்களும் இறாற் பண்ணைகளுக்காக வெட்டித் திருத்தப்பட்டன. வேறிடங்களிற் குப்பை கொட்டித் திடல்கள் நிரப்பப்படுகின்றன. “வெறும் சேறுதானே!” என்னும் ஒரு சொல்லில் ஒரு திடல் மறைந்து போகிறது.

நல்ல செயல்களும் நடந்துள. 1990ஆம் ஆண்டில் புந்தல, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இலங்கையின் முதலாவது ஈரநிலமாகப் பதிவாயிற்று. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் அப்பட்டியலிற் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கியபின், பறவைகளைப் பற்றி நாட்டில் நீண்ட விவாதம் எழுந்தது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்போர் இருசாராருக்கும் நடுநிலையான விடை தேவைப்பட்டால், கேட்க வேண்டிய முதல் வினாக்கள் இவையே: எந்த இனம்? எத்தனை? எந்த மாதத்தில்? எவ்வுயரத்தில்? இவற்றுக்கு விடை சொல்லக் கரையில் நின்று பார்த்து எழுதி வைத்தவர்கள் வேண்டும்.

மாணவர் செய்யக்கூடியவை

அப்பணிக்குப் பட்டமும் பெரும் பணமும் தேவையில்லை. ஒரு பயிற்சிப் புத்தகமும் எழுதுகோலும் போதும்; இரவலாகவேனும் ஒரு தொலைநோக்குக் கண்ணாடி கிடைத்தால் மிக நன்று. நாள், நேரம், இடம், நீர்மட்டம், கண்ட பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். தலையில் வகிடு இருந்ததா, சொண்டு எப்படி வளைந்தது, குரல் கேட்டதா என்பவற்றைக் குறியுங்கள். உறுதியில்லையெனில் ‘கோட்டான், இனம் தெளிவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பத்துப் பெயர்களிலும் அத்தகைய நேர்மையான ஒரு வரி மேலானது. காலில் வளையமோ நிறக் கொடியோ தென்பட்டால், எந்தக் காலில், என்ன நிறம், எழுத்து எது என்பதை மறவாது குறித்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டு முதல் ஜனவரி தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. உங்கள் குறிப்பு அத்தகைய பணிகளுக்கு உதவும் காலம் வரும்.

பறவையை நெருங்கிச் செல்ல வேண்டாம். குதிரைமலைக் கோட்டான் மிகுந்த அச்சமுடையது. நாம் நெடுந்தொலைவில் வரும்போதே எழுந்து கூவி, ஏனைய பறவைகளையும் எழுப்பிவிடும். வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அது நெடும்பயணத்துக்குச் சேர்த்த வழியுணவிற் சிறிது குறைகிறது. தாம்போதி ஓரத்தில் அசையாது நின்றாலே போதும். சற்றுப் பொறுத்திருந்தால் அவை தாமாகவே அண்மையில் மேய வரும்.

கடிதம் எழுதிய மாணவிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செல்லும்போது பாட்டனாரையும் அழைத்துச் செல்லுங்கள். இளமையில் இத்திடல்களில் எவ்வளவு பறவைகள் இருந்தன, எந்த மாதத்தில் வந்தன, எவ்விடத்தில் இறங்கின என்று அவரிடம் கேட்டு, உங்கள் குறிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தகவல் வேறெந்த நூலிலும் கிடைக்காது.